முப்பதாம் குழி எழுத்து

மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வேலாத்தாபுதூர் ராசாமணி அக்கா பண்ணையில் இருந்த மூவாயிரத்து இருநூறு கோழிகளும், தீவனம் தின்று, தண்ணீர் குடித்து, வழக்கம்போல ஒன்றை ஒன்று கொத்திவிட்டு, எழுத்து போட்ட முட்டைகளை இட்டன. ஒரு முட்டைக்கு ஓர் எழுத்து. நகத்தால் தடவினால் தட்டுப்படும், பழுப்பு நிறம், ஓட்டோடு ஓடாக இருக்கும். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. முட்டை எடுக்க வந்த பாலக்காட்டு வியாபாரி உற்றுப் பார்த்துவிட்டு மலையாளமும் இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் தமயந்தியும் உண்டாக்கின எழுத்து அது. பன்னிரண்டாம் எழுத்துக்கு வால் கோணலாகப் போகும், என் கை அப்படித்தான் இழுக்கும், கோழியும் அதே கோணலில் இழுத்திருந்தது.

கோழி ஏன் அப்படிப் போட்டது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, மருந்து ஊற்ற வந்த டாக்டருக்கும் தெரியாது, கோழிக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுவோம். எங்கள் ஊரும் இரண்டே நாளில் விட்டுவிட்டது.

என் பேர் அங்காயி. பதினேழு வயசு. பிளஸ் ஒன் பாதியில் பள்ளியை விட்டேன். ஏன் என்று கேட்கிறவர்கள் வீட்டில் கஷ்டமா, அப்பா குடிக்கிறாரா என்று ஆசையாக முகத்தைப் பார்ப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை, விட்டேன், அம்மா வேலை பார்க்கிற பண்ணைக்கே முட்டை பொறுக்க வந்தேன்.

முட்டை அடுக்கும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி, மொத்தம் முப்பது. வாத்தியாருக்குத் தெரியாமல் பேச ஒரு மொழி வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தபோது எழுத்தை எப்படி அடுக்குவது என்று தமயந்தி கேட்டாள், எனக்குத் தெரிந்த அடுக்கு இது ஒன்றுதான், அதனால் அட்டையிலேயே அடுக்கினோம். முதல் வரிசை எழுத்துகள் உதட்டில் பிறக்கும், இரண்டாம் வரிசை பல்லில், மூன்றாவது மேல் அண்ணத்தில், நாலாவது தொண்டையில், ஐந்தாவது மூக்கில். ஒவ்வொரு வரிசையிலும் முதல் குழி எழுத்தை முட்டையைக் கையில் எடுக்கிற மாதிரி மெதுவாகச் சொல்ல வேண்டும், இரண்டாம் குழி எழுத்தைத் தீவன மூட்டையை லாரியிலிருந்து இறக்குகிற மாதிரி தொப்பென்று, மூன்றாவதைச் சூடான டீயை ஊதுகிற மாதிரி ஊதி, நாலாவதை மாத்திரை விழுங்குகிற மாதிரி உள்ளே இழுத்து, ஐந்தாவதை வாத்தியார் போர்டு பக்கம் திரும்பியிருக்கும்போது பேசுகிற மாதிரி கிசுகிசுவென்று, ஆறாவதைச் சிரித்துக்கொண்டே. பொய்ச் சிரிப்பு செல்லாது. அந்த விதியை மட்டும் தமயந்தி எங்கள் நோட்டில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டாள்.

இப்படி இருபத்தொன்பது எழுத்து வந்துவிட்டது. முப்பதாம் குழியில் மூக்கால் சிரிக்கிற எழுத்து வர வேண்டும். முயற்சி செய்து பார்த்தோம், சளிதான் வந்தது. குழி காலியாகவே கிடந்தது. அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் பள்ளியில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறையில்தான் தண்ணீர் வரும், அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கிறவளுக்கு எப்போதும் ஒரே பயம், பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டுப் போய்விட்டாளா என்று. அதனால் உள்ளே இருக்கிறவள் ‘ம்ஹு’ என்பாள். வெளியே நிற்கிறவள் ‘ளோ’ என்பாள். இருக்கியா, இருக்கேன். அவ்வளவுதான். அதை எடுத்து முப்பதாம் குழியில் வைத்தோம். ஒரே எழுத்து, இரண்டு வாய். அதற்கு விதி மூன்று எழுதினோம். தொடங்கினவளே முடிக்கக் கூடாது. தொடங்கினது முடிகிற வரைக்கும் உலகத்தில் வேறு யாரும் அதைத் தொடங்க முடியாது, ஏனென்றால் கழிப்பறை ஒன்றுதான். நடுவில் எத்தனை மூச்சு வேண்டுமானாலும் விடலாம், ஏனென்றால் தமயந்திக்கு மலச்சிக்கல்.

அந்த மாசிக்கு முந்தின ஜூன் மாசம் தமயந்தியைப் பிளஸ் டூ படிக்க மலையடிவாரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே போன் கிடையாது, மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் மட்டும் போய்ப் பார்க்கலாம். சேர்ந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். பள்ளியை முதலில் விட்டவள் நான், ஆனாலும் கோபம் எனக்குத்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘ம்ஹு’ என்றாள். எனக்குக் கேட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பஸ் திரும்பி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, போயே போய்விட்டது.

இதெல்லாம் ஜூன் மாசத்துக் கதை. மாசிக்கு வருவோம்.

அன்றைக்கு ராசாமணி அக்கா ஒரு முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று என்னைத் திட்டி, எச்சில் தொட்டு அழித்துப் பார்த்து, அழியாமல் போகவே கோபத்தில் சுவரில் எறிந்தார். சுவரில் சிமெண்ட் பெயர்ந்தது. முட்டை உருண்டு வந்து அக்கா காலடியில் நின்றது. அதற்குள் ஊரில் இருந்தும் புகார் வர ஆரம்பித்துவிட்டது. கரண்டியால் தட்டினால் கரண்டி வளைகிறது, அம்மிக் குழவியால் அடித்தால் குழவி வழுக்குகிறது, டிராக்டரை மேலே ஏற்றிப் பார்த்தால் டயரில் பள்ளம் விழுகிறது. வேகவைத்தால் வேகிறது, உரிக்க வரவில்லை. முட்டை சூடாக, முழுசாக, எழுத்தோடு தட்டில் உட்கார்ந்து ஆளைப் பார்க்கிறது.

எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் நோட்டைத் திருடி யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே கிடந்த முட்டையை எடுத்து, அது ஏழாவது எழுத்து, பல்லில் பிறந்து மெதுவாகச் சொல்ல வேண்டியது, சும்மா அதைச் சொன்னேன். என் கையிலேயே இரண்டாகத் திறந்து மணிக்கட்டு வழியே மஞ்சள் கரு முழங்கை வரைக்கும் வழிந்தது.

அக்கா என் கையைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், இன்னொரு முட்டையை நீட்டினார். அதுவும் திறந்தது. மூன்றாவது, நாலாவது, அரை அட்டை வரைக்கும் நீட்டிக்கொண்டே போனார். பிறகு, போதும் நிறுத்து புள்ள, அடுப்பு இல்லாத இடத்தில் எதற்கு இத்தனை என்று சொல்லிவிட்டு, முந்தானையால் என் கையைத் துடைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பரோட்டாக் கடை சையது பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கல்லு காய்ந்து புகைகிறது, பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, தொண்ணூறு முட்டை உடையாமல் இருக்கிறது. நான் ஒவ்வொன்றாக எடுத்து எழுத்தைச் சொல்லச் சொல்ல முட்டை திறந்து கல்லில் விழுந்தது. பாய் கையில் இரண்டு கரண்டியோடு என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதென்ன பாப்பா, மந்திரமா?”

“மந்திரமெல்லாம் இல்ல பாய், எழுத்து. சரியா உச்சரிச்சா ஒடையும்.”

“சரியா உச்சரிக்கலன்னா?”

“வெறும் சால்னாதான்.”

பாய் உடனே படிக்க உட்கார்ந்தார். காலி அட்டை ஒன்றில் குழிக்கு ஒன்றாக எழுத்தை எழுதி, எங்கே பிறக்கும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக் கல்லுக்கு மேலே மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் டீக்கடைக்காரர் ஓர் அட்டை கேட்டார், அடுத்த நாள் ரேஷன் கடைக்கு ஒன்று, சலூனுக்கு ஒன்று, அந்த வாரம் மட்டும் இருபத்தாறு அட்டை எழுதினேன். பள்ளியில் இருந்த பதினோரு வருஷத்திலும் நான் அவ்வளவு எழுதினது கிடையாது.

அப்புறம் ஊரே வாயைக் கோணிக்கொண்டு திரிந்தது. காலையில் தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் ஊதுகிற சத்தம், அடுத்த வீட்டில் விழுங்குகிற சத்தம், அதற்கடுத்த வீட்டில் தொப்பென்று ஒன்று, அதன் பின்னாலேயே எண்ணெயில் முட்டை விழுகிற சத்தம். முன்பல் இல்லாதவர்களுக்கு இரண்டாம் வரிசை வரவில்லை, ஜலதோஷம் பிடித்தவர்களுக்கு ஐந்தாம் வரிசை வரவில்லை, அவர்கள் முட்டையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். வேலித் தகராறில் நாலு வருஷமாக முகம் பார்க்காத இரண்டு வீடுகள் பல்லுக்கும் மூக்குக்குமாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தன. திருவிழா மைக் செட்டில் கத்திக் கத்தியே பழகிப்போன மணியக்காரருக்குக் கிசுகிசு எழுத்து ஒன்றுகூட வரவில்லை, அவர் மனைவி அவர் வாயைப் பொத்திப் பொத்திப் பழக்கினார், பாதி நாளில் அந்த அம்மாவுக்கே அது பிடித்துப்போய் முட்டை இல்லாத நேரத்திலும் பொத்தினார். சிரிப்பு எழுத்துதான் எல்லோருக்கும் கஷ்டம். சிரித்தால்தான் திறக்கும், அதுவும் நிஜமாகச் சிரித்தால்தான். அதனால் ஆறாம் குழி முட்டை வந்த வீடுகளில் காலங்காத்தாலேயே யாராவது எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டியிருந்தது, பால்காரர் தன் பங்குக்குத் தன் கல்யாணத்தில் நடந்த கதையை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். முட்டை தின்னாத வீட்டுக்காரர்களும் விடுபட்டுப் போக மனசில்லாமல் கற்றுக்கொண்டு, தின்கிற வீட்டுக்குப் போய்த் திறந்து கொடுத்துவிட்டு வந்தார்கள்.

லூர்துமேரி டீச்சரின் சத்துணவு மையத்தில்தான் எழுத்து சீக்கிரம் வந்தது. நூற்று நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வெந்த முட்டை, ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாகச் சொன்னால் நூற்று நாற்பது ஓடும் ஒரே நேரத்தில் கழன்று விழும். பெரியவர்களுக்கு நாலு நாள் ஆனது பிள்ளைகளுக்கு அரை நாள் ஆயிற்று. பாலக்காட்டிலும் ஒன்றும் சிக்கல் இல்லை, தொண்டை வரிசையும் மூக்கு வரிசையும் அவர்களுக்கு நம்மைவிட நன்றாக வருகிறது என்று வியாபாரி பெருமையாகப் போன் செய்தார்.

ஒருநாள் என் இங்கிலீஷ் வாத்தியார் பண்ணைக்கு வந்தார். எனக்கு எழுத்துக் கூட்டவே வராது என்று வகுப்பில் நிற்க வைத்துச் சொன்னவர். இரண்டு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் சொல்லிக் கொடும்மா என்றார். முட்டையை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு நாலு தடவை சொல்ல வைத்தேன். இரண்டாவது தடவையே அவருக்குச் சரியாக வந்துவிட்டது, முட்டையை மட்டும் நான் அவர் கையில் திருப்பிக் கொடுக்கவில்லை. இதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எழுத்தைப் படிக்காத முட்டை கெட்டுப்போகாது. வெயிலில் கிடந்தாலும் அன்றைக்கு இட்டது மாதிரியே இருக்கும்.

இப்படி இரண்டு வாரம் போயிற்று. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, மூன்றாம் வரிசைக் கூண்டில் என் வளையலைக் கொத்துகிற ஒரு கோழி உண்டு, அது ஒரு முட்டையை உருட்டிவிட்டது. எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு, நடுவில் ஒரு விரல் இடைவெளி. முப்பதாம் எழுத்து. இருபத்தாறு அட்டையிலும் நான் எழுதாமல் விட்ட எழுத்து. தீவன மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மறுநாள் நாற்பது வந்தது. அதற்கு மறுநாள் அறுநூறு. செவ்வாய்க்கிழமை பண்ணையில் இருந்த அத்தனை கோழியும் அந்த ஒரே எழுத்தைத்தான் போட்டது.

அக்கா கேட்டார், இது என்ன எழுத்து, எப்படிச் சொல்வது? மறந்துவிட்டது என்றேன். பொய்தான். பொய் சொன்னேன் என்று இப்போது எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை, அன்றைக்குத்தான் கூச்சமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஊர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. இருபத்தொன்பது எழுத்தையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள், தலைகீழாகச் சொல்லிப் பார்த்தார்கள், முட்டையைத் தண்ணீருக்குள் வைத்துச் சொன்னார்கள், பூசாரி கற்பூரம் காட்டினார், சையது பாய் ஓதி ஊதினார், லூர்துமேரி டீச்சர் சிலுவை போட்டார். பண்ணைக் கிடங்கில் அட்டை மேல் அட்டையாகக் கூரை வரைக்கும் ஏறியது. பாலக்காட்டு லாரி வருவதை நிறுத்தியது. சத்துணவில் பிள்ளைகள் சோற்றையும் சாம்பாரையும் பிசைந்துகொண்டு, பக்கத்தில் திறக்காத முட்டையை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ராசாமணி அக்கா அழுதார், மூக்கைச் சிந்தினார், போனை எடுத்தார். கறிக்குக் கழித்துவிடும் கோழிகளை ஏற்றுகிற லாரி திங்கட்கிழமை வரும் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதி வயசுகூட ஆகாத கோழிகள். வளையல் கொத்துகிறவள் தலையை நீட்டி என் கையைத் தேடினாள்.

அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கழிப்பறை, கதவு, பஸ் ஸ்டாண்டு, ஒன்றையும் விடவில்லை.  முடித்த பிறகு அக்கா கேட்டார்.

“ஒரு ‘ளோ’ சொல்றதுக்கு உனக்கு என்ன புள்ள கேடு?”

இரண்டு வாய் எழுத்து, அவள் இல்லாமல் இங்கே நின்று சொன்னால் திறக்காது என்றேன்.

எங்கள் முட்டை லாரியை ஓட்டுகிறவர் குப்பண்ணன். தமயந்தி அவர் பெண்தான். பரீட்சைக்கு முன்னால் பெற்றவர்கள் பார்க்கிற கடைசி ஞாயிறு அந்த ஞாயிறாகவே இருந்தது. அக்கா சொல்லி அனுப்பியதும் குப்பண்ணன் விடியக்காலையில் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்து, ஏறு அம்மிணி என்றார். மகளுக்குக் கொண்டுபோகிற முறுக்குத் தூக்கை என் மடியில் வைத்து ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். துப்பட்டாவில் நான் ஒரே ஒரு முட்டையை முடிந்து வைத்திருந்தேன்.

விடுதி வாசலில் வார்டன் அம்மா நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது என் மூத்த பெண் என்று குப்பண்ணன் சொன்னார். நோட்டில் ஒரே பெண் என்றுதான் இருக்கிறது என்றார் வார்டன். அண்ணனுக்கு அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. நான் துப்பட்டா முடிச்சை அவிழ்த்து முட்டையைக் காட்டினேன், இதைப் படிக்கத்தான் வந்திருக்கிறேன், நான் அங்காயி என்றேன். வார்டன் எழுந்தே நின்றுவிட்டார். அந்த விடுதிக்கும் எங்கள் பண்ணை முட்டைதான் போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மாசமாக மெஸ்ஸில் எல்லோருக்கும் எழுத்து சொல்லிக் கொடுத்தது தமயந்தியாம். இந்த வாரம் மட்டும் அவளும் வாயைத் திறக்க மறுக்கிறாளாம், அங்காயி வந்தால்தான் ஆகும் என்கிறாளாம், அறுநூறு பிள்ளைகள் ஐந்து நாளாக வெறும் உப்புமா தின்கிறார்களாம். “சீக்கிரம் போ” என்று வார்டனே கதவைத் தள்ளிவிட்டார்.

தகரக் கொட்டகையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தூக்குப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள். தமயந்தி ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். அப்பாவிடம் முறுக்கை வாங்கி, பிரித்து, ஒன்றைக் கடித்து மென்று முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

 முட்டையை நீட்டி, ‘ம்ஹு’ என்று தொடங்கப் பார்த்தேன். வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது மாதிரி, காற்று மட்டும் வந்தது.

“வராதுடி” என்றாள். “நான் ஜூன் மாசமே ஆரம்பிச்சிட்டேன். விதி மறந்துபோச்சா? நீ முடிக்கத்தான் முடியும்.”

“நீ சேர்ந்தப்பறம்தான என்கிட்ட சொன்ன? அதான் கோவம்.”

“நீ மட்டும் பள்ளிக்கூடத்த விடறதுக்கு முன்னாடி சொன்னியா? ஒருநாள் வரல. அடுத்த நாளும் வரல. அவ்ளோதான்.” கையில் இருந்த முறுக்கைத் தூக்கில் திரும்பப் போட்டாள். “அதுக்கப்பறம் யாரு கதவப் புடிச்சான்னு நீ கேட்டியாடி? ஒருத்தியும் இல்ல. மத்தவளுகள நம்பி உள்ள போக பயம். காலையில தண்ணி குடிக்க மாட்டேன். வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டே இருப்பேன். அஞ்சு மாசம். இங்க எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருக்கு, அதுக்காகத்தான் சேர்ந்தேன். போதுமா?”

குப்பண்ணன் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

பள்ளியை விட்டதில் எனக்கு இன்றைக்கு வரைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் நான் விட்டது பள்ளியை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகரக் கதவும், அதன் கீழே தெரிகிற அவள் செருப்பும், உள்ளே இருந்து வருகிற அந்தச் சின்னக் குரலும் எனக்கு ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை என்பதை நின்ற இடத்திலேயே உணர்ந்து, மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. அதற்குப் பதில், ஒன்பது மாசத்து மூச்சை எல்லாம் விட்ட பிறகு, மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன்.

“ளோ.”

முட்டை எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் திறந்தது. மஞ்சள் கரு அவளுடைய வெள்ளைச் சட்டையில், சரியாகப் பாக்கெட் மேல் விழுந்தது. தமயந்தி குனிந்து பார்த்தாள். பிறகு மூக்கால் சிரித்தாள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை முயன்றும் வராத சிரிப்பு, அன்றைக்குச் சளியோடு சேர்ந்து நன்றாகவே வந்தது. அதே நேரம் மெஸ் பக்கத்தில் இருந்து தட்டுகள் உருளுகிற சத்தமும் அறுநூறு பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்டது.

வேலாத்தாபுதூரில் நடந்ததை அம்மாதான் சொன்னாள். பதினொன்று இருபதுக்குக் கிடங்கில் இருந்த பதினோராயிரம் முட்டையும் ஒரே மூச்சில் திறந்தன. கதவுக்கடியில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புரண்டு வந்தது, ராசாமணி அக்கா கத்திக்கொண்டே வாளியைத் தேடினார், லூர்துமேரி டீச்சர் சத்துணவு அண்டாவை இரண்டு பேரை வைத்துத் தூக்கி வந்தார், சையது பாய் கல்லைக் கழற்றிப் பண்ணை வாசலிலேயே அடுப்பு மூட்டினார். தேறினது பாதி, தரையில் போனது பாதி, தேறின பாதியே ஊருக்கு மிச்சமாக இருந்தது. ஆம்லெட் தின்று, பொடிமாஸ் தின்று, குழம்பு வைத்துத் தின்று, நாங்கள் லாரியில் திரும்பி வரும்போது ஊர் எல்லையிலேயே வெங்காயமும் முட்டையும் வதங்குகிற வாசம் வந்தது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் அது போகவில்லை. கோழி ஏற்ற வந்த லாரிக்காரருக்கும் அக்கா ஒரு தட்டு கொடுத்து வெறும் லாரியோடு திருப்பி அனுப்பினார்.

அடுத்த நாளில் இருந்து கோழிகள் வெறும் முட்டைதான் இட்டன. வெள்ளையாக, மொழுமொழுவென்று, கரண்டியால் தட்டினால் உடைகிற சாதாரண முட்டை. ஊருக்கு அது சப்பென்று போய்விட்டது. பழக்கம் விடாமல் சையது பாய் இன்னமும் ஒவ்வொரு முட்டைக்கும் ஏதோ ஓர் எழுத்தைச் சொல்லித்தான் உடைக்கிறார், வேலித் தகராறு வீட்டுக்காரர்கள் முட்டை இல்லாமலே கிண்ணத்தோடு போய்வருகிறார்கள், மணியக்காரர் மனைவி பொத்துவதை நிறுத்தவில்லை. லூர்துமேரி டீச்சர் எங்கள் பழைய பள்ளிக்குக் கொல்லரைக் கூட்டிக்கொண்டு போய்க் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வைத்தார். நான் பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம்.

தமயந்தி பாஸ் செய்தாள். நர்ஸ் படிக்க மதுரையில் இடம் கிடைத்தது, இந்தத் தடவை எல்லோருக்கும் முன்னால் என்னிடம் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவள் அதே மாதிரி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் உறுமியது.

நான் முந்திக்கொண்டு, ‘ம்ஹு’ என்றேன்.

கேட்டது அவளுக்கு. காது சிவந்ததைப் பார்த்தேன். ஆனால் முடிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை உருட்டி, கடைசியில் நாக்கை நீட்டிக் காட்டினாள். பஸ் திரும்பி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, போயே போய்விட்டது. நான் அங்கேயே நின்று தனியாகச் சிரித்ததில் பூக்காரம்மா பயந்துபோனார்.

மறுநாள் காலை மூன்றாம் வரிசைக் கூண்டில் வளையல் கொத்துகிறவள் ஒரே ஒரு முட்டையை மற்ற முட்டைகளோடு சேர்க்காமல் தள்ளிவைத்திருந்தாள். இரண்டு கோடு, நடுவில் ஒரு விரல் இடைவெளி. அக்காவிடம் காட்டினேன், சிரித்துக்கொண்டே நீயே வெச்சுக்கோ என்றார். இப்போது அது என் துணிப் பெட்டிக்குள், சுடிதார் மடிப்புக்கு நடுவில் இருக்கிறது. தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை, அது கெட்டுப்போகாது.